லட்ச ரூபாய் கிட்டாரும் மூணு ஒத்தை ரூபாய் காசும்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஃபீனிக்ஸ் பேயில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து சாப்பிட்ட இடத்தில் ஒரு சின்ன சண்டை. நண்பர் ஒருவர் பத்தாவது முடித்த மகளுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து அமெரிக்கத் தயாரிப்பு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறாராம், தவணையில். "வாங்கினா நல்லதா வாங்கணும் சார்" என்றார். எதிரே இருந்தவர் விடவில்லை. "ஐயாயிரம் ஆறாயிரத்துக்கு ஆம்ப்போட செட்டாவே கிடைக்குது. ரெண்டு மாசத்துல மூலையில போடத்தானே போறா?"

என்னைக் கேட்டால் ரெண்டு பேரும் தப்பு. ரெண்டாவது ரகத் தப்பைச் செய்து அனுபவித்தவன் என்பதால் எனக்குப் பேச உரிமை இருக்கு.

மூணு வருஷம் முன்னால் பையன் கேட்டான் என்று ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு செட் வரவழைத்தேன். பெட்டி அழகாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் "விரல் வலிக்குதுப்பா" என்றான். "சுருதி நிக்கவே மாட்டேங்குது" என்றான். பொறுமையில்லாத பிள்ளை என்று நான் திட்டினேன். ஆறு மாசத்தில் கிட்டார் பீரோ மேலே போய்விட்டது. அதற்கப்புறம் அவன் எது கேட்டாலும், "கிட்டார் மாதிரி ஆயிடும்" என்று ஒரே வரியில் வாயை அடைத்தேன். பெரிய சாமர்த்தியம்னு நினைப்பு!

ஒருநாள் எங்கள் கிளையில் கேஷில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். அதை இறக்கிப் பார்த்தார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒத்தை ரூபாய் காசு ஒன்றைச் சொருகினார். போனது. ரெண்டு. போனது. மூணும் போனது. "ஒண்ணு தாராளமாப் போகணும், ரெண்டாவது முட்டணும் சார். இதை என்னாலயே வாசிக்க முடியாது. தம்பி ஆறு மாசம் தாக்குப் பிடிச்சதே பெரிசு" என்றார். பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காசைப் பொறுக்கினேன்.

சரி, அப்போ லட்ச ரூபாய்க் கட்சி ஜெயித்ததா? அதுவும் இல்லை. பி.காம்.மில் படித்த காஸ்டிங்கை வைத்துப் பார்ப்போம்: மூலப்பொருள், கூலி, இதரச் செலவு.

வீணைக்குப் பலாமரக் குடம் உயிர். திண்மரத்தில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அந்த மாதிரி வயிறே கிடையாது. காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிதான் பிக்கப். உருக்குத் தந்தி அதன் மேலே அதிரும்போது மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப் அதைச் சத்தமாக்குகிறது. இந்த வேலை விலை பார்த்து நடப்பதில்லை. விலை உயர்ந்த ஃபெண்டர் பலவற்றில் விரல் பலகை நம்ம நாட்டு ஈட்டி மரம். அதே ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்கொயர் பலவற்றில் அது நம்ம கருமருது. கழுத்தை வெட்டுவது ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர் இயக்கும் இயந்திரம். பெரிய வித்தியாசம் கூலியில்: கலிஃபோர்னியாவின் கொரோனா ஊர்த் தொழிற்சாலைச் சம்பளம் வேறு, இந்தோனேசியச் சம்பளம் வேறு. மிச்சத்தை எங்கள் பாஷையில் குட்வில் என்போம். பெயருக்கு விலை.

விலை உயர்ந்ததில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃப்ரெட் முனை கையைக் கிழிக்காது, சுருதிச் சாவி வழுக்காது, பழசாக விற்றாலும் நல்ல காசு வரும். மேடையேறிச் சம்பாதிப்பவருக்கு அது தொழில் கருவி. கடன் வாங்கினாலும் நியாயம். பதினைந்து வயதுப் பிள்ளை தலையில் ஏன் ஒன்றரை லட்சத்தை ஏற்றணும்? தினமும் "எவ்வளவு போட்டிருக்கேன் தெரியுமா" என்று கேட்கத்தானே?

பிரையன் மே கதை தெரிந்திருக்கும். ஃபெண்டர் வாங்க வசதியில்லாமல் 1963-ல் தொடங்கி அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பு மரத்திலும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கிலும் ஒரு கிட்டார் செய்தார். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரை மேல் நின்று வாசித்ததும் அதையேதான். அந்த அப்பா கொடுத்தது பணமில்லை, கூடவே உட்கார்ந்த நேரம்.

ஆக, கோடு மலிவுக்கும் உயர்வுக்கும் நடுவில் இல்லை. வாசிக்க முடிவதற்கும் முடியாததற்கும் நடுவில் இருக்கு. யமஹா பசிஃபிகா, ஸ்கொயர் மாதிரி சுமார் இருபதாயிரம் ரூபாய்ச் சரக்கு போதும். வாங்கும்போது தந்தி உயரத்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். சும்மா மீட்டிய தந்தியும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய தந்தியும் ஒரே சுரமா என்று செல்பேசி ட்யூனரில் பாருங்கள். மிச்சப் பணத்தை வாத்தியாருக்குக் கொடுங்கள். இங்கே ஜெட்டிப் பக்கம் உப்புக் காற்று. லட்ச ரூபாய் கிட்டாரானாலும் தந்தி துருப்பிடிக்கும். மாற்றுத் தந்தி நாலு செட் வாங்கி வையுங்கள்.

விடுமுறைக்குச் சென்னை போனபோது அப்படி ஒன்று வாங்கினோம். பையன் இப்போது வாசிக்கிறான். வித்வான் எல்லாம் இல்லை, சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆனால் ஏதாவது வேணுமா என்று கேட்டால் இன்னமும் "வேணாம்ப்பா" என்றுதான் முதலில் சொல்கிறான். ஆறாயிரம் ரூபாயில் நான் மிச்சம் பிடித்தது அதுதான்.