மண் ஈரமா இருக்கு, செடி மட்டும் வாடுதே... மாடித்தோட்டத்தில் என்ன நடக்கிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்கும் புலம்பல் இது. வாடிய செடியைப் பார்த்ததும் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். பல செடிகள் சாவது அந்தத் தண்ணீரால்தான்.

வேருக்கும் காற்று வேணும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் திணறும். நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்தில் நிற்கும் செடியும் வாடுகிறது. பித்தியம், பைட்டோப்தோரா போன்ற கிருமிகளுக்கு இதுதான் சமயம். அவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்தியே வேரைத் தேடிப் போகும்.

செடியை மெதுவாக வெளியே எடுத்துப் பாருங்க. வேர் வெளுப்பாக, உறுதியாக இருந்தால் பிரச்சினை வேறு. பழுப்பாகி, கொழகொழவென்று நாற்றமடித்தால் அழுகல்தான். கெட்டதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, புது மண்கலவையில் நட்டு, நிழலில் வையுங்க. உரம் இப்போ வேண்டாம். பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீங்க. பெரும்பாலான வேர் போயிருந்தால், நல்ல கிளையை வெட்டி புதிதாக நடுவதே மேல்.

டிரைக்கோடெர்மா விரிடி நல்லதுதான். ஆனால் முன்கூட்டியே தொழுஉரத்தில் கலந்து போடணும்; அழுகிய வேரை அது மீட்காது. அடியில் ஜல்லி போட்டால் போதும் என்பதும் தவறு. தண்ணீர் ஜல்லிக்கு மேலே, மண்ணிலேயே நிற்கும். மழை வரும் முன் வடிகால் துளை அடைத்திருக்கிறதா பாருங்க, அடித்தட்டை எடுத்துடுங்க.