குறிப்பில்லாப் பாடம் குடத்துள் விளக்கே!

நூறாயிரம் நூல்கள் அடுக்கப்பெற்றிருப்பினும், அவற்றுக்கென ஒரு பட்டியல் இல்லையெனின் அது நூலகமாகாது, வெறுந் தாட்குவியலேயாகும். இவ்வுண்மையை உலகிற்கு முறைப்பட எடுத்துரைத்தோருள் தலையாயவர் தமிழ் மண்ணில் தோன்றியவரே. சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராய் அமர்ந்த அரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து நெறிகளையும், 1933-இல் முக்காற்புள்ளிப் பகுப்பு முறையையும் வெளியிட்டார். படிப்போர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்டுதல் வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய படிப்பாளரைச் சென்றடைதல் வேண்டும். தேடுவோரின் காலம் பாழாதல் கூடாது என்பன அவ்வைந்தனுள் மூன்று.

அந்நெறிகள் இன்று நூலகச் சுவர்களைக் கடந்து இணையத்திற்கும் உரியவாகிவிட்டன. பாடவிளக்கம், காணொளி, ஒலிப்பதிவு, பயிற்சித்தாள் எனக் கல்விப் பொருள்கள் நாள்தோறும் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. ஆயின், இஃது எப்பாடத்தைச் சார்ந்தது, எவ்வகுப்பினர்க்கு உரியது, எம்மொழியில் அமைந்தது, ஆக்கியோர் யாவர், பிறர் எடுத்தாள உரிமை உண்டா என்னும் குறிப்புகள் அப்பொருளோடு இணைந்திராவிடின், அது குடத்துள் இட்ட விளக்காகவே கிடக்கும். இத்தகைய குறிப்புத் தொகுதியே மீத்தரவு எனப்படுகிறது.

இக்குறிப்புகளை அவரவரும் தத்தம் விருப்பம்போல் எழுதினாற் போதாது. ஒருவர் ‘வகுப்பு’ என்றும், மற்றொருவர் ‘அகவை’ என்றும், வேறொருவர் ‘படிநிலை’ என்றும் எழுதி வைப்பராயின், கணினி அவற்றை ஒப்பிட்டுத் திரட்டவியலாது. ஆகலின், அனைவரும் ஏற்கும் பொதுச் செந்தரம் வேண்டும். 1995-இல், அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள தப்ளின் நகரில் நூலகத்தாரும் கணினி அறிஞரும் கூடி இதற்கு வித்திட்டனர். தலைப்பு, ஆக்கியோர், பொருள், மொழி, நாள், உரிமை முதலான 15 கூறுகளாய் வளர்ந்த அத் தப்ளின் கருக்கூறுகள் 2003-இல் அனைத்துலகச் செந்தரமாயின. கற்றற் பொருள்களுக்கென்றே 2002-இல் வகுக்கப்பட்ட மற்றொரு செந்தரம், கற்போரின் அகவை, பாடத்தின் எளிமை அருமை, கற்பதற்காகும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்தது. 2011-இல் தொடங்கிய கற்றல்வள மீத்தரவு முயற்சியின் கூறுகள், பெருந்தேடுபொறிகள் ஏற்றுக்கொண்ட பொதுச் சொற்றொகுதியில் 2013-இல் இடம்பெற்றன.

செந்தரமின்மையால் விளையும் இழப்பைத் தமிழர் பட்டறியாதவரல்லர். எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்றிருந்த காலத்தில், ஒருவர் தட்டெழுதிய தமிழ் மற்றொருவர் கணினியில் படிக்கவியலாக் குப்பையாய்த் தோன்றியது. ஒருங்குறியில் 1991-இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழ்நாட்டரசு அதனை முறைப்படி ஏற்க 2010 வரை ஆயிற்று. எழுத்து ஒருவாறு ஒன்றுபட்டது. குறிப்புச் சொற்களோ இன்னும் ஒன்றுபடவில்லை.

தமிழ்நாட்டு மேனிலை வகுப்புகளில் இயற்பியல், வேதியியல் எனப் பயிலப்படுவன, ஈழத்து உயர்தர வகுப்புகளில் பௌதிகவியல், இரசாயனவியல் எனப் பயிலப்படுகின்றன. மதுரை ஆசிரியர் ஒருவர் ‘வேதியியல்’ எனக் குறித்து வைத்த பாடம், ‘இரசாயனவியல்’ எனத் தேடும் யாழ்ப்பாணத்து மாணவிக்குப் பட்டியலில் தென்படாது. எழுத்து ஒன்று, மொழி ஒன்று, பாடமும் ஒன்று. குறிப்புச் சொல் ஒன்று மாறியமையால் இருவரும் இரு கரைகளில் நிற்கின்றனர்.

பிறமொழிச் சொற்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டால் இச்சிக்கல் தீரும் எனத் தனித்தமிழன்பர் சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. ஒரு கருத்துக்குத் தலைச்சொல் ஒன்றே இருத்தல் வேண்டும். அதனிடம் கொண்டு சேர்க்கும் வழிச்சொற்கள் எத்தனையும் இருக்கலாம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2009-இல் வெளியிட்ட அறிவொழுங்கு முறை இதற்கே வகைசெய்கிறது. வேதியியலைத் தலைச்சொல்லாக்கி, இரசாயனவியலையும் ஆங்கிலப் பெயரையும் வழிச்சொற்களாக்கினால், எச்சொல்லால் தேடுவோரும் ஒரே பாடத்தை அடைவர்; அடையும்போதே நல்ல தமிழ்ச் சொல்லையும் அறிவர். வழிச்சொல்லை வெட்டியெறிந்தாலோ, இழக்கப்படுவது அச்சொல் அன்று. அச்சொல்லை மட்டுமே அறிந்த மாணவியே.

ஆட்பெயர்களுக்கும் இந்நெறி பொருந்தும். 1876-இல் பிறந்து வேதாசலம் என்னும் பெயரோடு வளர்ந்தவரே, 1916-இல் தனித்தமிழ் இயக்கங் கண்ட மறைமலையடிகள். அவரது தூய தமிழ்ப் பெயரே தலைப்பெயராதல் வேண்டும். ஆயினும் முற்பெயரையும் பட்டியலில் காட்டாவிடின், அப்பெயரோடு வெளிவந்த நூல்களுக்குச் செல்லும் வழி அடைபட்டுப்போம். தூய்மை என்பது வரலாற்றை மறைத்தலன்று.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் தோன்றித் தமிழ் இணையக் கல்விக்கழகமாய் வளர்ந்த நிறுவனமும், 2005 முதல் ஈழத்து எழுத்துகளைக் காத்துவரும் நூலகம் என்னும் அமைப்பும் அரிய செல்வங்களைத் திரட்டியுள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கைப்பேசியால் படிக்கத்தக்க விரைவுக் குறிகளும் அச்சிடப்பட்டன. ஆனால் அக்குறி, அப்பக்கத்தைக் கையில் வைத்திருப்பவர்க்கே வழிகாட்டும். அந்நூலைக் கண்டிராத கடல்கடந்த தமிழ்ப் பிள்ளைக்கு வழிகாட்டவல்லது செந்தரக் குறிப்பொன்றே.

செய்ய வேண்டுவன மூன்று. உலகச் செந்தரக் கூறுகளை அவ்வாறே ஏற்று, அவற்றின் பெயர்களைத் தமிழில் ஒருமுகமாய் வழங்குதல் முதலாவது. தமிழ்நாடு, ஈழம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாட்டுத் தமிழாசிரியர்கள் கூடிப் பாடத்துறைகளுக்குத் தலைச்சொற்களையும் வழிச்சொற்களையும் வரையறுத்தல் இரண்டாவது. பாடம் ஆக்குவோர் ஒவ்வொருவரும் ஏற்றும்போதே குறிப்பையும் தமிழில் எழுதிச் சேர்த்தல் மூன்றாவது. முதலிரண்டும் அரசுகளையும் கழகங்களையும் சார்ந்தவை. மூன்றாவது ஒவ்வோர் ஆசிரியரும் இன்றே தொடங்கத்தக்கது.

பிறர் வகுக்கும் பட்டியலில் தமிழுக்கு இடமில்லையென வருந்திப் பயனில்லை. தமிழர் தம் பாடங்களுக்குத் தாமே குறிப்பெழுதட்டும். பட்டியலில் தமிழ் தானே இடம்பெறும்.