உயிர்களின் அடங்கல்

மேலூர்த் தாலுகாவில் டங்ஸ்டன் தோண்டுவதற்கு விடப்பட்ட ஏலத்தை மத்திய சர்க்கார் 2025 ஜனவரி 23-இல் ரத்துச் செய்தனர். அவ்வெற்றி தங்களுடையதே என்று கட்சிக்காரர் பலர் மார்தட்டிக் கொண்டனர். அந்த வழக்கில் நாம் புகப் போவதில்லை. மதுரைத் தல்லாகுளம் வரை ஊர்வலம் வந்த உழவர்களின் கால்களுக்கே முதல் வணக்கம். ஆனால் அவர்களோடு கூட ஒரு காகிதமும் நடந்து வந்தது. அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென்று மாநில சர்க்கார் 2022 நவம்பரில் அறிவித்திருந்தனர். தமிழ்நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. சுமார் 250 வகைப் பறவைகள், அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு என்று அங்குள்ள உயிர்களுக்குக் கணக்கு இருந்தது. ஏலம் விட்ட பரப்போ 2,015 ஹெக்டேர். அதில் இது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. எனினும், 2024 டிசம்பர் 24-இல் சுரங்க இலாகாவினர் எல்லையை மறுபடி ஆராயச் சொன்னபோது எடுத்துக் காட்டிய காரணம் இந்தச் சிறு பங்கேயாம். நியாயஸ்தலத்தில் காலங் கழித்த எமக்கு இதில் வியப்பில்லை. வாய்ச்சொல் எவ்வளவு உண்மையாயினும் ஆவணமின்றேல் மெலிந்து போவதை அன்றாடம் கண்டிருக்கிறோம்.

இனி நமது திருமங்கலத்தைப் பார்ப்போம். நிலத்துக்குப் பட்டா உண்டு. பயிருக்கு அடங்கல் உண்டு. கரிசல் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் வாழும் உயிர்களுக்கு என்ன இருக்கிறது? ஊர்தோறும் அவற்றிற்கு மக்கள் பதிவேடு எழுத வேண்டுமென்று 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும் கூறுகின்றன. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் பத்து லட்சம் ரூபாய் கட்ட நேருமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எச்சரித்த பிறகே பேனாக்கள் வேகமாய் ஓடின. அபராதத்துக்கு அஞ்சி எழுதிய கணக்கில் நம் கரிசல் காட்டுக் கௌதாரி இடம் பெற்றதோ, இல்லையோ!

இணையத்திலோ நிலைமை வேறு. அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார் பிறரோடு கூடி 2002-இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ என்னும் ஏட்டில், எவரும் தாம் கண்ட பறவையைத் தேதியோடும் இடத்தோடும் பதியலாம். 2008-இல் தோன்றிய இந்தியப் பல்லுயிர்த் தளம் செடி கொடிகளுக்கும் பூச்சிகளுக்கும் கூட இடம் தருகிறது. கட்டணமில்லை. நன்றி சொல்ல வேண்டியதே. ஆயினும் நம் கண்மாயின் கணக்கு நியூயார்க் மாகாணத்து இத்தாக்கா நகரில் ஒழுங்காயிருக்க, ஊர்ப் பதிவேடு பீரோவில் உறங்குமானால் அது யாருடைய வெட்கம்?

கணக்கின் பொருளும் விளங்க வேண்டும். அழுங்கை எறும்புத்தின்னி என்கிறோம். தென்னமெரிக்காவிலும் ஓர் எறும்புத்தின்னி உண்டு. இரண்டுக்கும் நீண்ட நாக்கு, பல்லில்லா வாய், வலிய நகம். நெருங்கிய உறவோ இல்லை. அழுங்குக்கு அண்மைச் சொந்தம் நாயும் பூனையும் அடங்கிய ஊனுண்ணிக் கூட்டமே. ஒரே பிழைப்பு இரு வேறு குலங்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த இவ்வதிசயத்தை விளக்குவது பரிணாம சாஸ்திரம். கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையார் அதை இணையத்தில் இலவசமாகக் கற்பிக்கிறார்கள், ஆனால் இங்கிலீஷில். எம்போன்றோருக்கு அது சுலபம். அரிட்டாபட்டி ஆட்டுக்காரர் மகனுக்கு?

மத்தியப் பாடநூல் ஸ்தாபனத்தார் 2023-இல் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கினர். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு நூலில் அப்பாடம் இருப்பது ஆறுதல். பள்ளிக்கு அப்பால், தமிழ் விக்கிப்பீடியாவில் தொண்டர் சிலர் கூலியின்றி எழுதி வருகின்றனர். சில கைகள் போதா. ‘ஐந்திணை பாடியவர்கள் அறியாததா?’ என்று சில தேசாபிமானிகள் கேட்கக்கூடும். அறிந்திருந்தார்கள். எந்தக் குன்றில், எந்த மாதத்தில், எத்தனை பறவை என்று அவர்கள் குறித்து வைக்கவில்லை. நாம்தான் குறிக்க வேண்டும்.

பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் தமிழ்நாடெங்கும் கணக்கெடுக்கிறார்கள். அடுத்த பொங்கலுக்குத் திருமங்கலத்து இளைஞர்கள் தத்தம் கண்மாய்க்குப் போகட்டும்; ஆடு மேய்க்கும் பெரியவர்களிடம் பெயர் கேட்டுத் தமிழிலேயே எழுதட்டும். அதற்கு முன் பஞ்சாயத்து ஆபீஸில் ஊர்ப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்கட்டும். காட்ட மறுத்தால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுக் கொடுக்கலாம். முப்பது நாளில் விடை தந்தாக வேண்டும்.