ஒட்டுக் கேட்கும் காதும் கைகட்டி நிற்கும் கம்பெனியும்

சுவருக்கும் காது உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் காது அடுத்த வீட்டுக்காரனுடையது. குரலைத் தணித்தால் தப்பித்துவிடலாம். இன்றைக்கு நாமே சட்டைப் பையில் தூக்கித் திரிகிற காதிலிருந்து அப்படித் தப்ப முடியாது. அரசு நினைத்தால் கேட்கும். கேட்பதும் நமக்குத் தெரியாது, கேட்டு முடித்ததும் தெரியாது.

'நாம என்ன கள்ளக்கடத்தலா பண்றோம், கேட்டா கேட்டுட்டுப் போகட்டுமே' என்று சொல்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதை எழுத வேண்டியிருக்கிறது. கூலி உயர்வுக்காக நாலு பேரைக் கூட்டுகிறவன், வன்கொடுமை வழக்கில் சாட்சிகள் கலையாமல் பார்த்துக்கொள்கிறவள், ராத்திரி நேரத்தில் வக்கீலிடம் ஆலோசனை கேட்கிறவன் — இவர்கள் யாரும் குற்றவாளிகள் இல்லை. ஆனால் இவர்கள் பேசுவது எதிராளியின் கைக்குப் போனால் மறுநாளே எல்லாம் கலைந்துவிடும். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கும் காக்க வேண்டியது நிறைய உண்டு.

இந்தக் காதுக்குச் சட்டம் போட்டவன் வெள்ளைக்காரன். 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம், 5ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் போனான், பிரிவு போகவில்லை. 'பொது நெருக்கடி' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' என்கிற நிலை இருந்தால்தான் ஒட்டுக் கேட்கலாம் என்பது அதன் நிபந்தனை. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் 20ஆம் பிரிவிலும் அதே நிபந்தனை, அதே அதிகாரம். பழைய கள், புது மொந்தை.

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டது 1991இல் அம்பலமானதும், மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள்: தொலைபேசியில் பேசுவது ஒருவரின் அந்தரங்கம், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைக் காக்கிறது. ஆனால் ஒட்டுக் கேட்க நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. உள்துறைச் செயலாளர் ஆணையிட வேண்டும், செயலாளர்கள் குழு ஒன்று அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். கேட்கச் சொல்வதும் அதிகாரி, சரியா தப்பா என்று பார்ப்பதும் அதிகாரி. 2007இல் 419-ஏ விதியும், 2024 டிசம்பரில் புதிய விதிகளும் இதே பாதையில்தான் வந்தன.

சரி, கம்பெனி என்ன செய்கிறது? உரிமம் வாங்கும்போதே ஒட்டுக் கேட்க வசதி செய்து தர வேண்டும் என்பது நிபந்தனை. ஆணை வந்ததும் குறிப்பிட்ட எண்ணைத் தன் இணைப்பகத்தில் பதிகிறது. அதற்குப்பின் அந்த எண்ணில் நடக்கும் ஒவ்வொரு பேச்சும் இரண்டாகப் பிரதியாகிப் போகும்: பேசிய குரல் ஒன்று, யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்துக்குக் கீழே நின்று என்கிற விவரம் மற்றொன்று. பேசுகிறவர் காதில் 'டிக்' என்ற சத்தம்கூட விழாது. ஆணைக்கு ஆயுள் 60 நாள். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது.

2007 விதிகள் கம்பெனிக்கும் கடமைகள் வைத்தன. ஆணையை வாங்க இரண்டு மூத்த அதிகாரிகளை நியமிக்க வேண்டும். உதவி ஆய்வாளருக்குக் குறையாதவர்தான் அதை நேரில் கொண்டுவர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்புகைக் கடிதம் தர வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை, வந்த ஆணைகளைப் பட்டியலிட்டு 'இதெல்லாம் நீங்கள் அனுப்பியதுதானா' என்று காவல், உளவு அமைப்புகளிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கேட்பது நின்ற இரண்டு மாதத்துக்குள் ஆவணங்களை அழிக்க வேண்டும். தவறினால் உரிமமே போகலாம்.

காகிதத்தில் குறை சொல்ல முடியாது. நடப்பில் என்ன ஆனது? 2005 கடைசியில் அரசியல்வாதி அமர்சிங்கின் தொலைபேசியை ஒட்டுக் கேட்கச் சொல்லி ஒரு தனியார் கம்பெனிக்கு டெல்லி அதிகாரிகள் பெயரில் கடிதங்கள் வந்தன. கம்பெனியும் இணைப்புக் கொடுத்தது. கடிதங்கள் போலி. ஏகப்பட்ட எழுத்துப் பிழைகள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. உண்மைகளை மறைத்தார் என்று 2011 மே மாதம் அவருடைய மனுவைத் தள்ளிய அதே தீர்ப்பில், இவ்வளவு பிழையோடு ஒரு கடிதம் வந்தால் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா, சரிபார்ப்பது கம்பெனியின் கடமை இல்லையா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதிகாரமும் பணமும் உள்ள ஒரு தலைவருக்கே இந்தக் கதி. சேரியில் இருக்கிறவனின் எண்ணுக்குப் போலிக் கடிதம் வந்தால் எந்தக் கம்பெனி பிழை பார்க்கும்? அதிகாரத்திடம் 'இது நிஜந்தானா' என்று கேட்பதில் வியாபாரிக்கு என்ன ஆதாயம்?

இருந்தாலும், பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு ஆளாவது உட்கார்ந்திருந்தார். அவரும் வேண்டாம் என்று வந்ததுதான் மத்தியக் கண்காணிப்பு அமைப்பு. அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய இந்த ஏற்பாட்டில், கம்பெனி ஊழியர் கை படாமலே எண்ணைப் பதிந்து கேட்க முடியும். வேலை சீக்கிரம் முடியும், கம்பெனி ஆட்கள் மூலம் ரகசியம் வெளியே கசியாது என்று அரசு சொல்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சரிபார்க்க வேண்டியது கம்பெனியின் கடமை என்று ஒரு கையால் சொல்லிவிட்டு, மறு கையால் கம்பெனியின் கண்ணைக் கட்டினால் யார் சரிபார்ப்பது?

மறுஆய்வுக் குழு இருக்கிறதே என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாக உள்துறை அமைச்சகம் 2013இல் பதில் தந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியென்றால் ஒரு கூட்டத்துக்கு 15,000 முதல் 18,000 ஆணைகள். இது நடக்கிற காரியமில்லை என்று 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதியது. நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆணைக்கு ஒரு நிமிடம் என்றாலும் 18,000 ஆணைகளுக்கு 300 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 37 நாளுக்கு மேல் ஆகும். வேறு வேலையே இல்லாத செயலாளர்கள் எங்கே இருக்கிறார்கள்?

சட்டத்துக்காக வைத்த கதவில் சட்டம் மட்டும்தான் நுழையும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கிரேக்க நாட்டில் 2004, 2005இல் வோடபோன் இணைப்பகங்களில் இருந்த ஒட்டுக்கேட்பு மென்பொருளை யாரோ கள்ளத்தனமாக இயக்கி, பிரதமர் உட்படச் சுமார் 100 பேரின் பேச்சைக் கேட்டார்கள். பூட்டைச் செய்தவன் ஒருவன், சாவி போட்டவன் வேறொருவன்.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு லஞ்ச வழக்கில் ஒட்டுக்கேட்பு ஆணைகளை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011ஆம் ஆண்டு ஆணை ஒன்றை ரத்து செய்தார். பொது நெருக்கடியும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கும் ஆபத்தில்லை, கேட்ட பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை என்றார். ஆணை போட்டது 2011, அது தப்பு என்று தெரிந்தது 2025. அதுவும் வழக்கு நடத்த வசதி இருந்தவருக்கு. வழக்கே போடப்படாமல் வெறுமனே கேட்கப்பட்டவன் எந்த வாசலில் போய் நிற்பான்? தன்னைக் கேட்டார்கள் என்பதே அவனுக்குத் தெரியாதே!

கடத்தப்பட்ட குழந்தையைத் தேடும் போலீசுக்கு இந்தக் காது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்கு முன் நீதிபதியிடம் அனுமதி வாங்கட்டும். அவசரம் என்றால் கேட்டுவிட்டு உடனே வந்து காரணம் சொல்லட்டும். விசாரணை முடிந்தபின் கேட்கப்பட்டவருக்குத் தெரிவிக்கட்டும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதி ஆணையையும் கட்டாயமாக்கி, 90 நாளுக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? எத்தனை ஆணை வந்தது, எத்தனையைத் திருப்பி அனுப்பினோம் என்று கம்பெனிகள் ஆண்டுதோறும் கணக்குச் சொல்லட்டும். சட்டத்தை மீறிப் பதிவு செய்த குரல் எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாகக் கூடாது.

தொலைபேசியில் பேசப் பயந்து வாய் மூடுவது இதற்கு மருந்தல்ல. நாம் அடங்கிப்போவதைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம். நமது வக்கீல்கள், மாணவர்கள், சங்கத் தோழர்கள் தகவல் உரிமை மனு போடட்டும்: போன ஆண்டு எத்தனை ஆணை, மறுஆய்வுக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனையை ரத்து செய்தது? பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அதற்கும் வராவிட்டால் அந்த மௌனத்தையே அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுப்போம்.