தக்கை படுத்தால் தூங்காதீர்!

போன ஞாயிறு ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நான் பிடித்தது ஜலதோஷம் மட்டும்தான். பக்கத்தில் ஒரு பெரியவர். அவர் வாளியில் ஏழு ஜிலேபிக் கெண்டை!

''தம்பி, தக்கை ஆடினதுமே ஏன் இழுக்கறே? அது இப்பதான் மண்புழுவை மோந்து பார்க்குது!''

விஷயம் இதுதான். தக்கை நடுங்கினால் மீன் ருசி பார்க்கிறது, பொறுங்கள். ஒரு பக்கமாக நகர்ந்தாலோ, சடக்கென்று முங்கினாலோ, இரை வாய்க்குள் போயாச்சு. மணிக்கட்டால் ஒரு சுண்டு, போதும். நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று படுத்துவிட்டால்? நான் 'மீன் போயிடுச்சு' என்று கொட்டாவி விட்டேன். தப்பு! தக்கையை நிமிர்த்தி வைப்பதே கீழே தொங்கும் ஈயக்குண்டுதான். மீன் இரையோடு ஈயத்தையும் தூக்கினால் தக்கை படுத்துவிடும். அதுவும் கடிதான்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் தூண்டிலுக்கு மின்சார பஸ்ஸரே காவல் வைத்தார். 1952-ல் ரெட்மயர் குளத்தில் அவர் பிடித்த கெண்டை 44 பவுண்டு; கிட்டத்தட்ட 20 கிலோ!

நம் பெரியவரின் பஸ்ஸர், ஆட்டுக்குட்டிச் சலங்கை. இரண்டாவது கழியைக் கவைக்குச்சியில் சாய்த்து, நுனியில் அதைக் கட்டியிருந்தார். மீன் இழுத்தால் 'கிணுங்'.

நானும் ஒரு கவைக்குச்சியை நட்டு, கழியைச் சாய்த்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் குச்சி சாய்ந்து கிடக்கிறது. கழி நடு ஏரியில் நீந்துகிறது.

''குச்சியை ஆழமா நடலியா தம்பி?''

கழி மச்சானுடையது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.