ஸ்பீக்கர் நம்முடையது, அப்டேட் யாருடையது?

மார்கழி மாதம், விடிகாலை ஐந்து மணி. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு ஸ்மார்ட் ஸ்பீக்கர் தினமும் அந்த நேரத்துக்குத் தானாகத் திருப்பாவை போடும். அன்று போடவில்லை. விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“என்னடா, இது வாயே திறக்க மாட்டேங்குது?” என்று அம்மா எழுப்பினார். ஆப்பைத் திறந்து பார்த்தால், ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஆகியிருந்தது. நான் செட் பண்ணி வைத்திருந்த காலை நேரப் பட்டியலைக் காணோம். அப்டேட் செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு பட்டனும் இல்லை. “இதுக்கு அந்தப் பழைய டேப் ரெக்கார்டரே தேவலாம்” என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

சின்ன விஷயம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால், காசு கொடுத்து வாங்கிய பொருள் நாளைக்கு எப்படி வேலை செய்யும் என்பதை விற்றவர் மட்டுமே தீர்மானிப்பது சின்ன விஷயம் இல்லை.

கட்டாய அப்டேட் எதற்கு?

ஸ்பீக்கருக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். நாம் சொல்வதில் பெரும்பகுதி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் பதிலாகத் திரும்புகிறது. சர்வர் மாறினால் கருவியும் மாற வேண்டும்.

பாதுகாப்பும் முக்கியம். 2017இல் ‘புளூபோர்ன்’ என்ற புளூடூத் ஓட்டை அமேசான் எக்கோ, கூகுள் ஹோம் ஸ்பீக்கர்களையும் பாதித்தது. தானியங்கி அப்டேட் மூலமாகத்தான் அது அடைக்கப்பட்டது. எல்லோரும் தாங்களாகவே அப்டேட் செய்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தால், பாதிப் பேர் செய்திருக்கவே மாட்டார்கள். எனவே, ‘அப்டேட்டே வேண்டாம்’ என்பது என் வாதம் இல்லை.

அப்புறம் என்ன பிரச்சினை?

ஓட்டையை அடைக்க வருகிற அதே வழியில், இருக்கிற வசதியைப் பிடுங்கவும் முடிகிறது. சோனோஸ் நிறுவனத்துடனான காப்புரிமை வழக்கில் கூகுள் தோற்றது. அதனால் 2022 ஜனவரியில், பல ஸ்பீக்கர்களின் ஒலி அளவை மொத்தமாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை கூகுள் எடுத்துவிட்டது. வழக்கு இரு நிறுவனங்களுக்கு இடையில். வசதியை இழந்தது வாங்கியவர்.

அதே சோனோஸ் 2024 மே மாதம் தன் ஆப்பை அடியோடு மாற்றியது. அலாரம், ஸ்லீப் டைமர் உட்பட ஏற்கெனவே இருந்த பல வசதிகள் காணாமல் போயின. எதிர்ப்பு கிளம்ப, தலைமைச் செயல் அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியையும் விட்டார்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. புயல், மழை என்றால் கடலூரிலும் சிதம்பரத்திலும் கரன்ட் போய்ப் போய் வரும். அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனால் கருவி முடங்கும் அபாயம் இருக்கிறது. எப்போது அப்டேட் ஆக வேண்டும் என்பதைக்கூட நாம் முடிவு செய்ய முடியாது என்றால் எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், ஒரு ஸ்மார்ட் கருவிக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதை நிறுவனம் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொழில்நுட்பம் இடம்கொடுக்கும்வரை, பாதுகாப்பு அப்டேட்டைப் புதிய வசதிகளுக்கான அப்டேட்டிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்கிறது. இதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வரும்.

இந்தியாவிலும் அசைவு தெரிகிறது. ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்களில் கோளாறு என்ற புகார்களை அடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2025 ஜனவரியில் அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி இதைத் தெரிவித்தார்.

இங்கேயும் மூன்று விதிகள் வேண்டும். பாதுகாப்பு அப்டேட் கட்டாயமாக இருக்கட்டும். மற்றதை ஏற்பதும் மறுப்பதும் வாங்கியவர் விருப்பம். என்ன மாறுகிறது என்பதைத் தமிழில், நாலு வரியில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் அப்டேட் கிடைக்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்.

அதுவரை, அப்டேட்டால் வசதி போனால் சும்மா இருக்காதீர்கள். பில்லையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்து, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தீரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. ஸ்பீக்கர் விலைக்கு இது தாராளம்.