பத்து வருஷப் பாக்கி

வரி பாக்கியைத் தள்ளுபடி செய்வது தரும காரியம் என்று என் நண்பர் ஒருவர் சாதிக்கிறார். யார் பாக்கி, எத்தனை நாள் பாக்கி என்று கேட்காமல் நான் தலையாட்ட மாட்டேன்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் என்று ஒரு மாநிலம். சர்க்காருக்கு வரவேண்டிய எந்தக் கடனையும் மன்னிக்கும் அதிகாரம் சட்டசபைக்குக் கிடையாது என்று அதன் 1876-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் கட்டிப் போட்டிருந்தது. நல்ல கட்டுத்தான்; இல்லாவிட்டால் மந்திரிக்கு வேண்டியவன் எவனும் வரி கட்டமாட்டான். 1932-ல், பொருளாதார மந்தம் ஜனங்களை வாட்டிய சமயத்தில், அவர்கள் வோட்டைப் பெற்று அந்தக் கட்டைச் சற்றே தளர்த்தினார்கள். எப்படி? பத்து வருஷத்துக்குக் குறையாத வரி பாக்கியை மட்டும் தள்ளுபடி செய்யலாமாம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1930-ல் வேலை போனவனின் பாக்கி அப்போது இரண்டு வருஷப் பாக்கி. அவனுக்கு ஒன்றும் இல்லை. சலுகை 1922-லோ அதற்கு முன்போ கட்டாமல் விட்டவனுக்கு. அதாவது, மந்தம் தொடங்குவதற்கு ஏழு வருஷம் முன்பே கைவிரித்தவனுக்கு! அவர்களிலும் நொடித்துப்போன குடியானவன் இருந்திருப்பான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் பாக்கி வைத்துக்கொண்டு வீட்டையும் காப்பாற்றிக்கொள்ள ஏழையால் முடியுமா? அதற்கு வக்கீல் வேண்டும், செல்வாக்கு வேண்டும். நானும் ஒரு வருஷம் மனைவியின் வளையலை அடகு வைத்து வீட்டு வரி கட்டியவன். நாள் கடத்தும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

ஏழையின் பாக்கி என்ன ஆகும் என்பதற்கு வேறொரு மாநிலத்துக் கதை இருக்கிறது. மின்னசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டி வைத்த வரி பாக்கி சுமார் 2,300 டாலர். அபராதமும் வட்டியும் செலவும் ஏறி அது 15,000 ஆயிற்று. மாவட்ட நிர்வாகம் அவருடைய அடுக்குமாடி வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. அது அநியாயம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது 94.

அவரை விழுங்கியது வரியா? வரியின் முதுகில் ஏறிய அபராதம் அல்லவா? திருத்த வேண்டுமானால் அதைத் திருத்துங்கள். முதலை வாங்கிக்கொள்ளுங்கள், தவணையில் வாங்குங்கள். அபராதத்துக்கு ஒரு வரம்பு கட்டுங்கள். அதுவும் பத்தாவது வருஷத்தில் அல்ல, முதல் நோட்டீஸ் போகும்போதே.